காயாத ஜமக்காளம்

“அம்மா, நாளைக்கு நான் ஊருக்குக் கிளம்புறேன்” என்றார் மாசிலாமணி.

காவிரிக் கரையில் இருந்த அந்தச் சிறிய மடத்தில் எல்லோருக்கும் குரு அம்மாதான். வேலையிலிருந்து ஓய்வுபெற்று அங்கே வந்து தங்கியிருந்த மாசிலாமணியைவிட வயதில் சின்னவர். பூத்தொடுத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

“சாப்பாடு சரியில்லையா?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசுவிட்டுப் பேச ஒரு ஆள் இல்லைம்மா. பள்ளிக்கூடத்துல பக்கத்துல உட்கார்ந்தவன் எல்லாம் சிநேகிதன் ஆனான். ஆபீஸ்ல அத்தனை வருஷம் வேலை பார்த்தேன், ஒருத்தன் ஒட்டலை. இங்கேயும் நாள் முழுக்க எல்லாரோடயும்தான் வேலை செய்றேன். இந்த வயசுக்கு மேல எனக்குச் சிநேகிதம் வாய்க்காது போலிருக்கு.”



“வேலையில யாருக்காவது தொந்தரவு கொடுத்தீங்களா?”

“ஒருநாளும் இல்லை! என் வேலையை நானே முடிச்சிடுவேன். யாரையும் ஒரு கை பிடிங்கன்னு கேட்டதில்லை.” மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“ஐயோ பாவம்” என்றார் அம்மா.

பிறகு, “கூடத்து ஜமக்காளத்தைத் துவைச்சுப் போட்டுடுங்க. அது காய்ஞ்சதும் கிளம்பலாம்” என்றார்.

அது ஊரே உட்காரும் ஜமக்காளம். மாசிலாமணி அதைத் தனியாகவே கிணற்றடிக்கு இழுத்துப் போனார். தனியாகவே துவைத்தார். பிழிவதற்கு இரண்டு பேர் வேண்டும். அவரா அசருவார்? ஒரு முனையைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்து முறுக்கினார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

அம்மா வந்தார். மரத்தைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்துவிட்டார். போய்விட்டார்.

ஜமக்காளம் சேற்றில் விழுந்தது.

மாசிலாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் காட்டுவது? மறுபடி துவைத்தார். தோள் இரண்டும் விட்டுப்போயின. மறுபடி மரத்தில் கட்டத் துணிவு வரவில்லை.

சமையல்கட்டு வாசலில் கோதண்டம் நின்றிருந்தார். மடத்துச் சமையல்காரர். ஏறக்குறைய இவர் வயதுதான். “சாப்பிட்டாச்சா சார்?”, “ஆச்சு” என்பதைத் தாண்டி இருவரும் பேசியதில்லை.

மாசிலாமணி தொண்டையைச் செருமினார்.

“கொஞ்சம்... இந்தப் பக்கம் பிடிக்கிறீங்களா?”

கோதண்டம் கரண்டியோடு ஓடிவந்தார். “எப்போ கூப்பிடுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் சார்!”

ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். ஜமக்காளம் சுற்றியதே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இருவரும் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க அந்தப் பக்கம் திருப்புங்க.”

“சரி சார்.”

கோதண்டம் திருப்பினார். மரியாதைக்கு மாசிலாமணியும் திருப்பினார். மறுபடியும் ஒரே பக்கம்.

“யோவ், ஒரு ஆளுதான்யா மாத்தணும்!”

கத்திய பிறகுதான் கோதண்டம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாசிலாமணி சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் முனை கைநழுவி, ஜமக்காளம் திரும்பவும் சேற்றுக்கே போனது. இந்த முறை இருவருமாகத் துவைத்தார்கள். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது. அன்று மடமே தீய்ந்த சாம்பார் சாப்பிட்டது.

அடுத்து வந்த நாளெல்லாம் நல்ல வெயில். மாசிலாமணியின் பை மட்டும் கட்டிய இடத்திலேயே கிடந்தது.

அம்மா கொல்லைப்பக்கம் வந்தார்.

“இன்னுமா காயலை?”

“இல்லைம்மா” என்றார் மாசிலாமணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

கொடியில் தொங்கிய ஜமக்காளத்துக்குப் பின்னாலிருந்து சளசளவென்று சத்தம் வந்தது. கீழே கோதண்டத்தின் கால்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு வாளி.

அம்மா ஜமக்காளத்தைத் தடவிப் பார்த்தார்.

“கோதண்டம், இந்த மூலை காய்ஞ்சு போச்சு பாருங்க.”