சாலமோன்புரத்துக்கு வந்த ஒரே பசி

சாலமோன்புரத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு செம்மணல் மேடுதான், தேரி என்போம். அங்கே மொத்தம் பதினேழு வீடு, ஒரு சின்ன ஆலயம், அதில் ஒரு மணி. வேதாகமத்து ராஜாக்களிலேயே பெரிய புத்திசாலியின் பெயரை ஊருக்கு வைத்துவிட்டதால், அதற்கப்புறம் ஆளாளுக்குத் தனியாகப் புத்தி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை. கேலி என்று நினைக்காதீர்கள். இது நடந்தது லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களில். லெந்து விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை.

அந்த ஊர்ப் பாதிரியாரை எல்லாரும் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார்:

"வர்ற வெள்ளிக்கிழமைல இருந்து வாராவாரம் வெள்ளிக்கிழமை பொழுதுசாய ஆறு மணி வரைக்கும் உபவாசம் இருங்க. சும்மா வயித்தைக் காயப்போட்டா அது பட்டினி, உபவாசம் இல்ல. அடுத்தவன் பசி உங்களுக்கு உறைக்கணும். நீங்க சாப்பிடாம விடுற சாப்பாடு பசிச்ச ஒருத்தனுக்குப் போகணும். அதுதான் கர்த்தருக்குப் பிரியமான உபவாசம்."

சொன்னவர் பைக்கில் ஏறி அடுத்த சபைக்குப் போய்விட்டார். இவ்வளவு பெரிய சங்கதியை அந்த ஊரில் சொல்லிவிட்டு, அப்படியே தனியாக விட்டுப் போகலாமா? போனாரே மனுஷன்.

அன்றைக்கே கமிட்டி கூடியது. தலைவர் கமாலியேல் தொண்டையைச் செருமினார்.

"சாப்பிடாம விடுற சாப்பாட்டைக் குடுக்கணும்னா, முதல்ல சாப்பாடு இருக்கணும்லா?"

"அதுவும் கஞ்சியும் துவையலும் விட்டா அது ஒரு விடுதலா அண்ணாச்சி?" என்றார் பெண்கள் சங்கத்துக் கனகபாய். "கறியை விட்டாத்தான் விட்ட மாதிரி இருக்கும்."

எல்லாரும் ஆமாம் போட்டார்கள். ஆக, முதல் உபவாச வெள்ளிக்கிழமை பதினேழு வீட்டிலும் ஆட்டுக்கறி கொதித்தது. கிறிஸ்மஸுக்குக்கூட அங்கே அப்படி மணத்ததில்லை. தேரிக்கு இந்தப் பக்கம் நாங்கள் யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆலயத்துக்கு முன்னால் பதினேழு தூக்குவாளி வரிசையாக வந்து உட்கார்ந்தது. பின்னால் ஊர் ஜனம் முழுக்க வாயில் எச்சில் ஊற நின்றது. பசித்தவனைத்தான் காணோம்.

"எனக்குப் பசிக்குதே அண்ணாச்சி, எனக்குத் தந்தா என்ன?" என்று கேட்டார் எப்பிராயீம். அவர் ஆலயத்தில் மணி அடிக்கிறவர். ஆள் ஒல்லி, வயிறு மட்டும் எப்போதும் அவசரப்படும்.

"உமக்கு வந்திருக்கது உபவாசப் பசிவே. நமக்கு வேண்டியது சாதாப் பசி" என்றார் கமாலியேல்.

நியாயம்தானே என்று எப்பிராயீமும் அடங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, "கேஸ் அடுப்பு ரிப்பேர்! குக்கர் ரிப்பேர்!" என்று ஒரு சைக்கிள் வந்தது. வந்தவன் பேர் பேச்சிமுத்து. கறி வாசனை அடித்ததுமே சைக்கிள் தானாக நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, வேலை இருந்தா குடுங்க. இல்லாட்டா ஒருவாய் சோறாவது போடுங்க. நேத்து ராத்திரி ரெண்டு இட்லி தின்னதோட சரி. கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"ஸ்தோத்திரம்! கர்த்தர் ஆள் அனுப்பிட்டார்!" என்று கமாலியேல் கண் கலங்கிப்போனார். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள். கனகபாய் தூக்குவாளி மூடியைத் திறந்தார்.

"நில்லும்மா!" என்று கத்தினார் கமாலியேல். "உன் சோத்தைத் தின்னா அவருக்குப் பசி தீந்துரும். பாக்கிப் பதினாறு வீட்டு உபவாசம் என்னத்துக்கு ஆகுறது?"

கனகபாய் மூடியைத் திரும்ப மூடினார்.

"வீட்டுக்கு ஒரு வாய் போட்டா?" என்றார் எப்பிராயீம்.

"முழுப்பசி முதல் வாய்க்குத்தானவே! பதினேழாவது வீட்டுக்காரன் பசி ஆறினவனுக்குல்லா குடுத்ததா ஆகும்?"

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பேச்சிமுத்து மெதுவாகச் சொன்னான்: "என் பசி பதினேழு வீட்டுக்கும் தாங்கும் அண்ணாச்சி. நீங்க போடுங்க."

"தம்பி, இதெல்லாம் ஆத்துமா சம்பந்தப்பட்ட காரியம். நீங்க குறுக்க பேசாதீங்க."

விவாதம் இரண்டு மணியைத் தாண்டியது. பேச்சிமுத்து யாருக்கும் தெரியாமல் பையிலிருந்து ஒரு பாதி பன்னை எடுத்தான். அதுவும் முந்தாநாள் பன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் எப்பிராயீம் பாய்ந்து பிடுங்கிவிட்டார்.

"ஊருக்கே இருக்கது ஒரு பசி! அதையும் கெடுக்கப் பாத்தீரே!"

பன் கமிட்டி வசம் போனது. பசிக்குக் காவலாக இரண்டு பேரை நிறுத்தினார்கள்.

நாலு மணிக்குக் கமாலியேலுக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிண்டிவிட்டால், முதல் வாயிலேயே பதினேழு வீடும் இருக்கும்! ஊரே கை தட்டியது. கறி, ரசம், பாயசம், அப்பளம் எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்தது. நீங்களும் நானும் என்றால் மூக்கைப் பொத்தியிருப்போம். பேச்சிமுத்து பாவம், அதைப் பார்த்தும் எச்சில் விழுங்கினான்.

"இப்ப போடலாமா அண்ணாச்சி?" என்று அவனே கேட்டான்.

"ஜெபம் பண்ணாமலா? பதினேழு வீட்டுச் சாப்பாடு தம்பி. பதினேழு ஜெபம்."

ஒவ்வொரு வீட்டாரும் உருக்கமாக ஜெபித்தார்கள். மழைக்காக, அரசாங்கத்துக்காக, மகன் விசாவுக்காக. "எங்க முறை வர்ற வரைக்கும் இந்தத் தம்பியின் பசி குறையாமல் காத்தருளும்" என்று கனகபாய் கண்ணீர் விட்டு வேண்டிக்கொண்டார். அந்த ஒரு ஜெபம் மட்டும் உடனே கேட்கப்பட்டது என்பதற்கு நான் சாட்சி.

பதினாறாவது ஜெபம் முடிந்து பதினேழாவது ஆள் கண்ணை மூடியதும் எப்பிராயீம் ஓடிப்போய் மணி அடித்தார். ஆறு மணி. உபவாசம் முடிந்தது.

கமாலியேல் அண்டாவை எட்டிப் பார்த்தார். "இனிமே இது நாம சாப்பிடாம விட்ட சாப்பாடு இல்ல. நம்ம ராச்சாப்பாடு. இதைக் குடுத்தா உபவாசத்துல சேராது."

"அப்ப என்ன செய்ய?"

"ஆறுறதுக்குள்ள சாப்பிட வேண்டியதுதான்."

ஊர் பந்தியில் உட்கார்ந்தது. இலையை விட்டு எழுந்திருக்காத பேச்சிமுத்து, "எனக்கு?" என்றான்.

"உங்க பசியை நாங்க தொடுவோமா தம்பி?" என்று கனகபாய் பதறிப்போனார். "அது உபவாசத்துக்குன்னு ஒதுக்கினதுல்லா! அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இருக்கட்டும்."

அவர்கள் நேர்மையான ஜனங்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்தவன் பொருள் நமக்கு எதற்கு என்று பாதி பன்னைக் காகிதத்தில் பொதிந்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். "பத்திரமா வச்சிக்கிடுங்க. திங்கப்படாது."

பேச்சிமுத்து பன்னை வாங்கிக்கொண்டான். சைக்கிளில் ஏறினான். ஆலய வாசலைத் தாண்டினான். தாண்டியதும் பன்னை முழுசாக வாயில் திணித்தான்.

"ஐயோ, திங்காரு! திங்காரு!" என்று எப்பிராயீம் அலறினார்.

பந்தி மொத்தமும் எழுந்தது. குழம்புக் கையோடு கமாலியேல் முன்னால் ஓட, பதினேழு வீடும் பின்னால் ஓடியது. தேரி மணலில் கால் புதையப் புதைய அவர் கத்தியது எங்கள் ஊர் வரைக்கும் கேட்டது:

"துப்பிருங்க தம்பி! துப்பிருங்க! அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எங்களுக்கு வேற பசி இல்ல!"