ஒரு பொட்டுகூட இல்லாமல்

"தாயே, அவளை என் மனசுல இருந்து ஒரு பொட்டுகூட இல்லாம எடுத்துரணும். வழி சொல்லுங்க."

வடக்கே, பனிமலை அடிவாரத்து மடத்துக்கு வந்த வீரபாகு, தன்னைவிட இருபது வயது இளைய மடத்துத் தலைவி மங்கையர்க்கரசி அம்மையாரிடம் இப்படிக் கேட்டார்.

"யாரை?"

"என் சம்சாரம் கோமுவைத்தான். போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு. இன்னமும் குளிச்சு முடிச்சதும் 'கோமு, துண்டு'ன்னு வாய் கூப்பிடுது. அப்புறம் அன்னைக்குப் பூரா சோறு எறங்க மாட்டேங்குது."

அம்மையார் சுவரோரம் ஓடிய இரும்புக் குழாயைக் காட்டினார். மலைக்கடியில் கொதிக்கும் ஊற்றுத் தண்ணீர் அதில் ஓடினால்தான் கூடத்துக்குச் சூடு. இப்போது உள்ளே உப்புப் பிடித்து, விரல் நுழையாதபடி அடைத்துக் கிடந்தது.

"கூடம் குளிருது, அண்ணாச்சி. முதல்ல இதைச் சுரண்டுங்க."

மனுஷன் சும்மா விட்டாரா? குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி, கம்பியை உள்ளே விட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் "போ கோமு, போ" என்று முனகல் வேறு.

உள்ளே இரும்பு பளபளத்தது. தண்ணீர் பாய்ந்து வந்தது.

"ஒரு பொட்டுகூட இல்ல, தாயே!"

அம்மையார் குழாயைத் தொட்டுச் சூடு பார்த்துவிட்டு நகர்ந்தார்.

வீரபாகு மடத்திலேயே தங்கிவிட்டார். அடுத்த குளிர் வருவதற்குள் குழாய் ஒழுகியது. கழற்றிப் பார்த்தால் சல்லடை! வெறும் இரும்பைத் தண்ணீர் தின்றுவிட்டிருந்தது.

கம்பி சரியாக எட்டாத ஒரு வளைவில் மட்டும் உப்பு மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இரும்பு அப்படியே இருந்தது.

அந்த வளைவைக் கையில் வைத்துக்கொண்டு வீரபாகு அழுதேவிட்டார்.

"முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா, தாயே?"

"சுரண்டச் சொன்னேன். பளபளன்னு ஆக்கச் சொன்னேனா?"

"அப்போ எவ்வளவுதான் விட்டுவைக்கணும்?"

"தண்ணி போக வழி இருந்தா போதும், அண்ணாச்சி."

அன்று சாயங்காலம் வீரபாகு ஊற்றில் குளித்துவிட்டு ஏறினார். ஆவி பறந்த உடம்பு குளிரில் வெடவெடத்தது.

"கோமு, துண்டு!"

வாய் கூப்பிட்டேவிட்டது. யாரும் வரவில்லை.

ஈரத் தலையைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டார்.

"சரி, சரி, நீ இரு. நானே எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டே துண்டு கிடந்த கொடியைப் பார்த்து நடந்தார்.