செம்பருத்திக்குக் காவல் நின்ற ஓணான்

காட்டோரக் குளக்கரையில் ஒரு செம்பருத்திச் செடி இருந்தது. அதற்குக் காவல்காரன் நான். யாரும் என்னை நியமிக்கவில்லை. ஓர் ஓணான் ஒரே கிளையில் நாள் முழுக்க வெயில் காய்ந்தால் சோம்பேறி என்பார்கள். அதனால், "காவல் காக்கிறேன்" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் செடியில் ஒரு தையல்சிட்டு குடிவந்தது. இரண்டு இலைகளைச் சேர்த்து நாரால் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, மூன்று முட்டைகள் இட்டது.

"அண்ணே, நீங்க இருக்கிற தைரியத்துலதான் இங்கே கூடு கட்டினேன்!" என்றது சிட்டு.

எனக்குக் கழுத்து சிவந்துவிட்டது. பெருமை வந்தால் எங்களுக்கு அப்படித்தான். கோபம் வந்தாலும் அப்படித்தான் என்பதால் சிட்டு கொஞ்சம் பயந்து போனது.

ஒருநாள் எறும்புகள் சாரைசாரையாகச் செடியில் ஏறின. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஏதோ இருந்தது. எறும்பு எனக்குப் பிடித்த பலகாரம். வாயைத் திறந்தேன்.

"காவல்கார ஐயா, வணக்கம்!" என்றது முன்னால் வந்த கட்டெறும்பு.

வாயை மூடிக்கொண்டேன். அதுவரை என்னை யாரும் ஐயா என்றதில்லை.

"என்ன அது, வெள்ளையா?" என்று குரலைக் கனமாக்கிக் கேட்டேன்.

"எங்க பசுக்கள் ஐயா. மாவுப்பூச்சின்னு பேரு. பரம சாது! ஒரு ஓரமா இருந்துக்கட்டுமே? இந்தாங்க, பால் சாப்பிடுங்க!"

ஒரு துளியை நக்கினேன். தேனாக இனித்தது. "இருக்கட்டும், இருக்கட்டும்!" என்று தலையை ஆட்டினேன்.

"இன்னொண்ணு ஐயா. சிவப்பா, முதுகெல்லாம் கரும்புள்ளியோட ஒரு வண்டு வரும். அதுதான் செடியைக் கெடுக்கிற திருடன்! யோக்கியனா இருந்தா உடம்புல எதுக்கு இத்தனை புள்ளி?"

அந்த வாதம் எனக்கு மிகவும் ஆழமாகப் பட்டது.

மறுநாள் பொறிவண்டுகள் வந்தன. ஒன்றைக் கவ்வினேன். அப்பப்பா, என்ன கசப்பு! காறித் துப்பினேன். இவ்வளவு கசக்கும் பிராணி நல்லதாக இருக்கவே முடியாது என்று முடிவுகட்டி, மீதியைக் குளத்தின் மறுகரை வரை விரட்டினேன். எறும்புகள் "ஆகா, ஐயா!" என்றன. அன்று முழுவதும் என் கழுத்து சிவப்பாகவே இருந்தது.

முட்டைகள் பொரிந்தன. அதே சமயம் செடியின் கொழுந்துகள் சுருண்டன. இலைகளில் கரி பூசியதுபோல ஏதோ படர்ந்தது.

"அண்ணே, இலையெல்லாம் கறுப்பாகுதே!" என்றது சிட்டு.

"திருஷ்டிப் பொட்டு! செடி அவ்வளவு அழகா இருக்கு!"

"என் கூட்டு இலை மஞ்சளாகுதே!"

"மஞ்சள் மங்களம்தானே!" என்றேன். இதைச் சொன்னவன் நான்தான். இப்போது நினைத்தாலும் வாலைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் ஓடத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் காலை அந்த இலை காம்போடு உதிர்ந்தது. கூடு ஒற்றை இலையில் சாய்ந்து தொங்கியது. மூன்று குஞ்சுகளும் விளிம்பில் குவிந்து கத்தின.

"இப்பவாவது கொஞ்சம் பக்கத்துல போய்ப் பாருங்க அண்ணே!" என்று சிட்டு அலறியது.

போய்ப் பார்த்தேன். அந்தச் சாதுக்கள் ஒவ்வொன்றும் தண்டில் வாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. எறும்பு தடவிக்கொடுத்ததும் பின்பக்கமாக ஒரு துளி கசிந்தது. நான் பால் என்று குடித்தது இதுதானா? செடியின் உயிரைத்தான் இத்தனை நாளும் நக்கியிருக்கிறேன். அதுவும் எந்த வழியாக வந்ததை!

"ஏன்டா இப்படி?" என்று கேட்டேன்.

"நீங்க காவல் இருக்கிற வரைக்கும் எங்களுக்கு என்ன பயம் ஐயா?" என்றது கட்டெறும்பு. அதைக் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நேரே மறுகரைக்கு ஓடினேன். எருக்கஞ்செடியில் பொறிவண்டுகள் இருந்தன.

"தாயே, செடி சாகுது. குஞ்சுகள் விழப்போகுது. மன்னிச்சு வரணும்" என்றேன்.

"நீ காறித் துப்பினியே, அது நான்தான்" என்றது ஒரு வண்டு.

தலையைத் தரையில் வைத்தேன். வண்டு சற்று யோசித்தது. "உனக்காக இல்ல, குஞ்சுகளுக்காக வர்றோம். மாவுப்பூச்சிதான் எங்க சாப்பாடு. ஆனா எறும்பு எங்களை விடாது. அதைத் தடுக்க முடியுமா?"

"தடுக்கிறேன்!"

செடியின் அடித்தண்டைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். ஏறி வந்த எறும்புகளை விழுங்கினேன். விழுங்க முடியாதவை வயிற்றிலும் இமையிலும் கடித்தன. தரையைத் தொட்ட கிளை வழியாகவும் சில ஏறப் பார்த்தன. சிட்டு அதன் காய்ந்த நுனியைக் கொத்தி முறித்தது. மேலே வண்டுகள் மாவுப்பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தின்றன.

இந்தக் காவலின் நாலாம் நாள் ஒரு கொழுந்தில் வெள்ளைப் பஞ்சுபோல ஏதோ ஊர்ந்தது. ஆவேசமாகப் பாயப் போனேன்.

"ஐயோ, நிறுத்து! அது எங்க சொந்தக்காரப் பொறிவண்டோட குஞ்சு!" என்று வண்டு கத்தியது. "சின்ன வயசுல பார்க்க மாவுப்பூச்சி மாதிரிதான் இருக்கும்!"

வாயைப் பிளந்தபடியே நின்றேன். நல்லவேளை, இந்த முறை பாய்வதற்கு முன்பே நாலு கால்களும் கொஞ்சம் யோசித்துத் தாமதித்திருந்தன. என் தலையைவிட அவை பரவாயில்லை.

பாதிச் செடி காய்ந்துதான் போனது. மீதிப் பாதியில் புதுத் துளிர் வந்தது. கூடு சாய்ந்த அன்றே சிட்டு அதை அருகிலிருந்த பச்சை இலையோடு சேர்த்து மறுபடி தைத்திருந்தது. பத்தாம் நாள் மூன்று குஞ்சுகளும் சிறகடித்துக் கிளைக்குத் தாவின. ஒன்று என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. நான் அசையவே இல்லை.

புகழ்கிறவனின் பேச்சை நம்பி, யார் என்ன செய்கிறார்கள் என்று அருகில் போய்ப் பார்க்காதவன், காவல் காக்க வந்தாலும் நண்பனை விரட்டிப் பகைவனுக்கே துணை நிற்பான்.