தெறித்த கட்டை

தேரோட்டம் முடிந்த மறுநாள் காலை சிவநேசன் குருவிடம் கேட்டான்.

"சாமி, தெரு முனையில எல்லாருமே வடத்தை விட்டுட்டாங்க. இழுக்க ஆளே இல்ல. அப்புறமும் தேர் ஏன் ஓடுச்சு?"

குரு கிணற்றடியில் இருந்த அண்டாவைக் காட்டினார்.

"டெய்லர் கடைச் சுவருக்குச் சாந்து குழைக்கத் தண்ணி வேணுமாம். நிரப்பு. ரெண்டு பேருமா தூக்கிட்டுப் போவோம்."

தேருக்குக் கட்டை போடுவது குருவின் மடத்து மாணவர்களின் பொறுப்பு. நிற்க வேண்டிய இடம் வந்ததும் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னால் ஒரே நேரத்தில் முட்டுக்கட்டை விழ வேண்டும். ஒன்று மட்டும் விழுந்தால் பாரம் தாங்காமல் அது தெறித்துவிடும். நேற்று தில்லைமுத்து என்ற மாணவன் போட்ட கட்டை தெறித்தது. தெருவே பார்த்தது. தேர், முனையிலிருந்த டெய்லர் அருணகிரியின் கடைச் சுவரை இடித்துக்கொண்டு போய் நின்றது. அவருடைய தையல் மிஷின் செங்கல்லுக்கு அடியில் கிடந்தது.

மற்றொரு சக்கரம் சிவநேசனுடையது. கட்டை போட வேண்டிய கணத்தில் மாடியிலிருந்து யாரோ போனை நீட்டி, "தம்பி, இப்படிப் பாருங்க" என்றார்கள். அவன் பார்த்தான். தலைப்பாகையைக்கூடச் சரிசெய்துகொண்டான். கட்டை அவன் கையிலேயே இருந்தது. எல்லோரும் தெறித்த கட்டையைப் பார்த்ததால், விழாத கட்டையை யாரும் பார்க்கவில்லை.

அண்டாவைக் கழியில் மாட்டித் தூக்கினார்கள். சிவநேசன் முன்னால், குரு பின்னால். பாதித் தெரு போனதும் குரு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அண்டா நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. எழும்பி வந்து சிவநேசனின் முதுகை நனைத்தது.

"சாமி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உனக்குச் சொல்லியிருப்பேன். தண்ணிக்கு எப்படிச் சொல்றது? அது பாட்டுக்கு வந்துகிட்டு இருந்துச்சு."

"அதை யாரும் தள்ளலையே."

"போய்க்கிட்டு இருக்கிறதைத் தள்ள வேணாம், சிவநேசா. நிறுத்தத்தான் ஆள் வேணும்."

ஈரத்தோடு நடந்தான்.

கடை வாசலில் தில்லைமுத்து சுண்ணாம்பையும் மணலையும் கிளறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய துணிப்பை இருந்தது. டெய்லர் கொத்துக்கரண்டியோடு நின்றார்.

"வாங்க சாமி. கட்டை போடச் சொன்னா கோட்டை விட்டவரு, இப்ப சுவர் கட்ட வந்திருக்காரு. டேய், சாந்தையாவது கெட்டியா குழைடா. அதுவும் தெறிச்சிடப் போவுது."

தில்லைமுத்து சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேண்ணே" என்றான் சிவநேசனிடம்.

"ஏன்டா?"

"என் கை சரியில்ல. சக்கரத்துல யாராவது மாட்டியிருந்தா? கண்ணை மூடினா அதான் வருது. மடத்துல இருக்க எனக்கு யோக்கியதை இல்லண்ணே."

சிவநேசன் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குருவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனான். காது மடல் சிவந்திருந்தது.

"சாமி, கட்டை போடாதவன் நான்."

"ம்."

"ஆனா அவன் மேல நான் பழி போடல. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. சும்மாதான் இருந்தேன்."

"நேத்து வடத்தை விட்டவங்களும் சும்மாதான் இருந்தாங்க. தேர் நின்னுச்சா?" என்றார் குரு.

சிவநேசன் திரும்பிப் போய்த் தில்லைமுத்துவுக்கு எதிரே உட்கார்ந்தான். மாடியையும் போனையும் தலைப்பாகையையும் சொன்னான். எதையும் விடாமல் சொன்னான். டெய்லர் கரண்டியைக் கீழே வைத்தார். தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.

தில்லைமுத்து அறைவான் என்று சிவநேசன் நினைத்தான். அறைந்தால் தேவலை என்றும் நினைத்தான். ஆனால் தில்லைமுத்து சாந்து அப்பிய தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"நெசமாவாண்ணே? அப்ப நான் சரியாத்தான் போட்டேனா?"

சிவநேசனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.