மை தடவாத ஓலைகள்

கொன்றைமங்கலத்து ராஜா செண்பகராயருக்கு மனசு நல்ல மனசு. காதுதான் இரவல் காது. கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். அவர் சபையில் தெய்வச்சிலை என்று ஒரு குசும்புக்காரர் இருந்தார். எந்த வழக்கானாலும் கடைசி ஆளாகத்தான் எழுந்து பேசுவார். காரணம் உங்களுக்கே புரிந்திருக்கும்.

அன்றைக்கு அந்தச் சாமர்த்தியமும் பலிக்கவில்லை. ராஜகுரு யக்ஞேசுவர தீட்சிதர் பட்டுத்துணி சுற்றிய ஏட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான்கு தலைமுறையாக அவர் வீட்டில் இருக்கும் தர்மநூல் அது. அதைப் பிரித்துவிட்டால் ராஜாவே மறுபேச்சுப் பேசமாட்டார்.

வழக்கு இதுதான். செக்கு ஆட்டும் ஆவுடைத்தங்கமும், அரண்மனை லாயத்தில் குதிரை பழக்கும் பூவலிங்கமும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். அவள் புருஷனை இழந்தவள், வயது முப்பத்தைந்து. அவனுக்கு இருபத்தெட்டு. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. விஷயம் சபைக்கு வந்துவிட்டது.

"கைம்பெண் மறுபடி மணக்கலாகாது. மூத்தவளை இளையவன் மணக்கலாகாது." தீட்சிதர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரே கல்யாணத்தில் இரண்டு குற்றம், மகாராஜா!"

ஆவுடைத்தங்கம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "என் மொதப் புருசன் என்னைவிட இருவத்தஞ்சு வயசு மூத்தவரு, மகாராஜா. அப்ப எந்த ஓலையும் வாயத் தொறக்கலியே!"

சபையில் யாரோ இருமினார்கள். ராஜா நெளிந்தார்.

"நூலே சொல்லிவிட்டது, அம்மா. நான் என்ன செய்யட்டும்? பொழுது சாய்வதற்குள் பூவலிங்கம் நாட்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

பூவலிங்கம் ஆவுடையையே பார்த்துக்கொண்டு நின்றான். முரட்டுக் குதிரைகளை மடக்குகிற ஆள், அவன் கண் நிறைந்துவிட்டது. தெய்வச்சிலை எழுந்தார்.

"மகாராஜா, ஒரே ஒரு வார்த்தை..."

"வேண்டாமய்யா!" என்று ராஜா கையைக் காட்டினார். "உம்முடைய கதையும் வேண்டாம், வேறு நூலும் வேண்டாம். இதே ஏட்டில் இவர்களுக்குச் சாதகமாக ஒரு வரி காட்டும். காட்ட முடியாவிட்டால் பூவலிங்கத்துக்கு வழித்துணையாக நீரும் கிளம்பும்."

தீட்சிதர் புன்னகைத்தார். அந்த ஏடு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் அப்படி ஒரு வரி கிடையாது.

தெய்வச்சிலை ஏட்டுக்கட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நெல்லில் கல் பொறுக்குகிறவர் மாதிரி குனிந்து பார்த்தார்.

"சாமி, நீங்கள் படித்தது கால்வாசிகூட இல்லையே. மீதி?"

"மீதியெல்லாம் வெற்றோலை. என் பாட்டனார் காலத்திலிருந்தே அப்படித்தான்."

உண்மைதான். மேலே பத்துப் பன்னிரண்டு ஓலைகளில் எழுத்து கறுகறுவென்று இருந்தது. அடியில் இருந்தவை வெறும் பழுப்பாகக் கிடந்தன.

"சரஸ்வதி பூஜைக்கு வருஷா வருஷம் ஏட்டுக்கு மை தடவுவீர்களே. எல்லா ஓலைக்குமா?"

"வேண்டிய ஓலைக்கு மட்டும். எது குற்றம், அதற்கு என்ன தண்டனை, இதைத்தானே எல்லாரும் வந்து கேட்கிறார்கள்?"

தெய்வச்சிலை வாசல் காவலனைக் கூப்பிட்டார். "மடைப்பள்ளிக்குப் போய், விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து ஒரு கிண்ணம் வாங்கி வாரும்."

"மணப்பெண்ணுக்குக் கண்மை தீட்டவா?" என்றார் தீட்சிதர். சபை கொல்லென்று சிரித்தது.

"இல்லை சாமி, உங்கள் ஏட்டுக்கு. பாவம், ரொம்ப நாளாகக் கண் திறக்காமல் கிடக்கிறது."

கிண்ணம் வந்தது. தீட்சிதர் படித்த ஓலைகளுக்கு அடுத்து வெறுமையாகக் கிடந்த ஓலையை எடுத்து, முழுசும் கரியைப் பூசினார் தெய்வச்சிலை. ஓலை அட்டைக்கரியாயிற்று. "ஐயோ, தர்மநூல்!" என்று தீட்சிதர் பாய்ந்து வந்தார். அதற்குள் தெய்வச்சிலை மேல்துண்டால் அதை அழுத்தித் துடைத்துவிட்டார். மேலே இருந்த கரி போயிற்று. எழுத்தாணி கீறிய பள்ளங்களில் இறங்கின கரி போகவில்லை. வரி வரியாக எழுத்து எழும்பி வந்தது.

தீட்சிதர் பாய்ந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஓலையை வாங்கினார். அவர் பிடிவாதக்காரர்தான். ஆனால் ஏட்டில் இருப்பதை மாற்றிப் படிக்கிறவர் அல்ல. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம்.

"மேலே சொன்ன தடைகள் எல்லாம்..." அவர் குரல் இறங்கியது. "பெண்ணின் சம்மதம் கேளாமல் கட்டிவைப்பவர்களுக்கே ஆகும். தாமே விரும்பி இசைந்த இருவருக்கு வயதும் தடையல்ல, முன்மணமும் தடையல்ல. அவர்களைப் பிரிக்கிறவன், பசுவிடமிருந்து கன்றைப் பிரித்த பாவத்தை அடைவான்."

ஆவுடைத்தங்கம் விசும்பினாள். பூவலிங்கம் ராஜ சபை என்றும் பாராமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாலு தலைமுறையாக எத்தனை பேரை எல்லை தாண்டி அனுப்பிவைத்தோமோ!" தீட்சிதர் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மகாராஜா, இந்தக் கல்யாணத்தை நானே முன்னின்று நடத்துகிறேன். கிண்ணத்தில் மிச்சக் கரி இருந்தால் கொடுங்கள். மற்ற ஓலைகளும் என்ன சொல்கின்றன என்று இன்றைக்கே பார்த்துவிட வேண்டும்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றித் தெய்வச்சிலைக்குப் போட்டார்.

"அது கிடக்கட்டும். அங்கே எழுத்து இருக்கிறது என்று உமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது, மகாராஜா. வெறும் ஓலைகளை யாராவது கயிற்றில் கோத்து, பட்டில் சுற்றி வைப்பார்களா என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான்."

"அடப்பாவி! நிஜமாகவே வெற்றோலையாக இருந்திருந்தால்?"

"அப்படியானால் வேலை இன்னும் சுலபம். நீங்கள் எழுதுவதற்காகத்தான் பெரியவர்கள் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று, எழுத்தாணியை உங்கள் கையில் கொடுத்திருப்பேன்."