வானவேந்தரின் ரேடியேட்டர்

பல்லடத்தில் ரேடியேட்டர் பற்றவைக்கும் துளசாமணிக்கு மில் முதலாளி வெள்ளியங்கிரியால் தீராத தலைவலி. அவர் பழைய கார் இன்ஜினை வைத்து, தலைக்கு மேல் விசிறி சுழலும் குட்டி விமானம் ஒன்றைத் தானே கட்டியிருந்தார். ஒரு ஓட்டம் ஓட்டினாலே இன்ஜின் கொதித்தது. அவள் மூன்று முறை ரேடியேட்டரை மாற்றியும் பயனில்லை.

ஒரு நாள் மழை விட்ட மாலையில், வெள்ளியங்கிரி ஊர்க்காரர்கள் முன்னால் அவளைக் கத்தினார். "உன் வேலைதான் மோசம்! இன்னைக்கே சூடு குறையணும். ஆனா என் விமானத்துல ஒரு ஆணியைக்கூட நீ தொடக் கூடாது. இல்லேன்னா உன் பட்டறைக்கு ஒரு வண்டியும் வராது."

விமானத்தின் மூக்கில், ரேடியேட்டருக்கு நேர் முன்னால் 'வானவேந்தர் வெள்ளியங்கிரி' என்ற பெரிய தகரப் பலகை நின்றது. அது காற்றை மறைக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

"ஈசல் பறக்குதுங்க. ஒரு ஓட்டம் போய்ட்டு வாங்க," என்றாள். "ரேடியேட்டர்ல ஒரே ஒரு ஈசல் ஒட்டியிருந்தாலும் பட்டறையை நானே பூட்டிடறேனுங்க."

அவர் வேகமாக ஓட்டித் திரும்பினார். மீசையில் ஈசல், பலகை முழுக்க ஈசல். ரேடியேட்டரில் ஒன்றுகூட இல்லை.

"ஈசலே போக முடியலை, காத்து எப்படிங்க போகும்?"

ஊரே சிரித்தது. துளசாமணி ஸ்பேனரை அவர் கையில் வைத்தாள். "நான் தொடக் கூடாதுங்களே, பலகையை நீங்களே கழட்டுங்க."

கழற்றினார். அடுத்த ஓட்டத்தில் இன்ஜின் கொதிக்கவில்லை.

"இந்தப் பலகையை எங்கதான் மாட்டறது?" என்று முறைத்தார்.

"வீட்டுச் சுவத்துல மாட்டுங்க. சுவரு எங்கயும் பறக்காது, அதுக்குக் காத்தும் வேண்டாமுங்க."