ஆணியில் நின்ற மாப்பிள்ளை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் ஆவுடையப்பன். என் மனைவி உலகம்மாளின் தம்பி.

அவன் கல்யாணத்துக்கு நான் கோட்டு தைத்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கோட்டுப் போடாமல் மாப்பிள்ளை அழைப்புக் காரில் யாரும் ஏறமாட்டார்கள். கடையைச் சாத்திவிட்டு, வீட்டில் தையல் அறையில் உட்கார்ந்து தைத்தேன். காலருக்குள் கேன்வாஸ் வைத்து, கைத்தையல் போட்டு. அவன் மதுரையில் வாங்கிய ரெடிமேட் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஏன் என்று கேட்டேன். தெருவே கேட்கும்படி பதில் சொன்னான்.

"நீங்க தைச்சதைப் போட்டா என்னையும் பேண்டு வாத்தியக்காரன்னு நினைச்சு முன்னால நடக்கச் சொல்லிருவாங்க, அத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். உலகம்மாளும் சிரித்தாள். பேண்டுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

தப்பாச் சொல்லிட்டேன் அத்தான் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சொல்லவில்லை. வரட்டும், கேட்டு வரும்போது முகத்தில் எறிகிறேன் என்று அந்தக் கோட்டைத் தையல் அறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

ஒருவனுக்கு இடம் கொடுத்தேன். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு ஒரு கட்டு ஜாக்கெட் தைக்கச் சொல்லிவிட்டு, வாங்க வராமலே வேறு கடையில் தைத்துக்கொண்ட டீச்சர். யூனிபார்ம் எல்லாம் உனக்குத்தான் என்று மாதிரி தைக்க வைத்து, வேறு ஆளுக்குக் கொடுத்த பள்ளிக்கூடத்துக்காரர். அளவுச் சட்டையைக் கொடுத்துவிட்டுத் துணியைக் கொண்டுவராதவர்கள். எல்லாருடைய துணியும் அந்த அறையில் இருந்தது. கடையை விட்ட பிறகு கடைச் சாமானும் அங்கேயே வந்து சேர்ந்தது. பிஸ்கட் டின்களில் பட்டன், கோணிகளில் வெட்டுத்துணி, ஓடாத மிஷின் இரண்டு, ஓடுகிற மிஷின் ஒன்று. உலகம்மாள் கூடை பின்னுகிற ஒயர் மட்டும் ஒரு மூலையில் நிறம் பிரித்து அடுக்கியிருந்தது.

சித்திரை மாதம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. இனி மாடி ஏறக் கூடாது என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் படுக்கை மாடியில். கீழே அறை என்று இருப்பது தையல் அறைதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை அனுப்பிருவாங்களாம். அந்த ரூமை ஒழிங்க."

"ஒழிக்கேன்."

"நம்ம மக பேறுகாலத்துக்கு வந்தப்பவும் இப்படித்தான் ஒழிக்கேன் ஒழிக்கேன்னீங்க. பச்சைப் பிள்ளையோட நடையில கிடந்துட்டுப் போனா. என்னால நடையில கிடக்க முடியாது. தம்பி அவன் வீட்ல கீழேயே கட்டில் போட்டு வச்சிருக்கான்."

"அவன் வீட்டுக்கா போகப் போற?"

"ஆமா. போனா வரமாட்டேன்."

எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். இப்படி மெதுவாக அவள் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்து அறையைத் திறந்தேன். ஒரு ஜாக்கெட் கட்டை எடுத்தேன். இது டீச்சருடையது, அவளாக வந்து கேட்கட்டும் என்று திரும்ப வைத்தேன். ஒரு டின்னை வெளியே கொண்டுபோனேன். தெருவில் போட்டால் எவனாவது எடுத்துக்கொள்வான் என்று உள்ளே கொண்டுவந்தேன். மத்தியானம் வரைக்கும் எடுத்தேன், வைத்தேன். அறை காலையில் இருந்ததைவிட நெருக்கமாகிவிட்டது.

செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரை மடத்துக்குப் போனேன்.

அங்கே தவமணித் தாயி இருக்கிறார். என் மூத்த மகள் வயது. அவருக்கு இரண்டு வெள்ளைச் சேலை, ஒரு சொம்பு. மனசு கொதிக்கிற நாளில் போய் அவர் முன்னால் உட்காருவேன். "மக வயசுப் பிள்ளைகிட்டப் போயி என்னவே படிக்கீரு?" என்று கூட்டாளிகள் கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்கள் யார் யார் என்று ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"எதை வச்சுக்கிடணும், எதைத் தூக்கிப் போடணும்னு தெரியலை, தாயி" என்றேன்.

"ரூம் யாருக்கு?"

"உலகம்மாளுக்கு."

"அப்ப மைனியைல்லா கேக்கணும்."

"அவ ஆஸ்பத்திரியில கிடக்கா."

தாயி எழுந்தார். "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். கோணிகளைத் தாண்டி, மிஷின்களுக்கு நடுவில் ஒருக்களித்துப் போய், கொஞ்சம் தரை தெரிந்த இடத்தில் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார். வலது காலை விறைப்பாக நீட்டிக்கொண்டார்.

"என்ன தாயி இது?"

"நான்தான் மைனி. வெள்ளிக்கிழமை ஆயிட்டு. தண்ணி வேணும்."

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் கோணிகள். எக்கி நீட்டினேன். அவர் கையை அசைக்கவில்லை.

"எந்திரிச்சு வாங்கிக்கோங்க, தாயி."

"கால் மடங்காது, அண்ணாச்சி."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு கோணியைத் தூக்கினேன்.

"இதை எங்க வைக்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தண்ணி வேணும்."

கோணியை வாசலில் கொண்டுபோய்ப் போட்டேன். இன்னொன்றையும், அதன் மேல் கிடந்த துணிக்கட்டையும் போட்டேன். தண்ணீர் குடித்தார். அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

"பாத்ரூம் போகணும். வாக்கர் எங்க?"

உலகம்மாளுக்கு வாங்கி வைத்திருந்த வாக்கரைக் கொண்டுவந்தேன். அது ஓடாத மிஷினில் இடித்து நின்றது. சாய்த்துப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன். வரவில்லை.

"சீக்கிரம், அண்ணாச்சி. அவசரம்."

"மிஷினை எங்க கொண்டுவைக்க, தாயி? இரும்பு!"

"எனக்கு அவசரம்."

ஓடாத மிஷின் இரண்டையும் ஒவ்வொன்றாக இழுத்து வாசலில் விட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் கிரில் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

"உள்ள யாரு அண்ணாச்சி விழுந்து கிடக்கா?"

"உலகம்மா" என்றேன் எரிச்சலில்.

"அவ ஆஸ்பத்திரியிலல்லா இருக்கா?"

"வெள்ளிக்கிழமை ஆயிட்டு!"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு வாசலில் கிடந்த துணிக்கட்டைப் பிரித்தாள்.

"ஜாக்கெட்டு புதுசால்லா இருக்கு. யாருக்குள்ளது?"

"அது பெரிய கதை. ஒரு டீச்சர், வாயில தேன் ஒழுகப் பேசுவா, அவ மக கல்யாணத்துக்கு..."

"அண்ணாச்சி, காத்தே வரலை" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

ஜன்னலை மறைத்துப் பள்ளிக்கூட யூனிபார்ம் அடுக்கு நின்றது. கதை பாதியில் நின்றுவிட்டது. "வேணும்னா எடுத்துட்டுப் போ!" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அப்படியே போயிற்று. காற்று, வெளிச்சம், வாக்கர் திரும்ப ஒரு இடம். ஒன்றைத் தூக்கும்போது இது யாருடையது என்று சொல்ல வாய் திறப்பேன். அதற்குள் தாயிக்கு ஏதாவது வேண்டியிருக்கும். வெயில் தாழ்ந்தபோது அறையில் ஓடுகிற மிஷினும், நூல் பெட்டியும், உலகம்மாளின் ஒயரும் இருந்தன. ஜன்னல் திறந்திருந்தது. வாசலில் தெருப் பெண்கள் குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தாயி இன்னும் எழுந்திருக்கவில்லை.

"அது யாரு, அண்ணாச்சி?"

"எங்க?"

"செவத்துல நிக்காரே."

கோட்டுதான். படுத்துப் பார்த்தால் ஆள் நிற்கிற மாதிரி தெரியும்போல. சொன்னேன். முதலிலிருந்து, பேண்டுக்காரர்கள் சிரித்தது வரைக்கும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவர் வீட்டுக்கு மைனி போயிரக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு?"

"ஆமா, தாயி."

"அவர் இங்கல்லா இருக்காரு."

கோட்டைக் கழற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாடிக்குக் கொண்டுபோனேன். இனி அங்கே படுக்கப்போவது நான் ஒருவன்தான். அவனோடா? கீழே கொண்டுவந்தேன். அடுப்படியில் வைக்க முடியாது. மாடிப்படிக்கு அடியில் வைத்தேன், ஏறும்போதெல்லாம் கண்ணில் படும். எடுத்தேன். வாசல் வரைக்கும் போனேன். செல்லத்தாய் கை நீட்டினாள். திரும்பிவிட்டேன்.

"எங்க வைக்க, தாயி?"

"போட்டுப் பாருங்க."

"இது அவன் அளவு."

"போட்டுத்தான் பாருங்களேன்."

அப்போது அவன் ஒல்லி, நான் பருமன். இப்போது வற்றிவிட்டேன். தோள் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் நின்றது. பட்டன் இழுக்காமல் விழுந்தது.

தாயி எழுந்து முதுகுத் தூசியைத் தட்டினார்.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் வாசலில் நின்றேன். அவன் பார்க்கட்டும்.

கார் வந்தது. ஆட்டோவில் ஏற முடியாது என்று தம்பி காரில் வந்தாள். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தொந்தியைத் தள்ளிக்கொண்டு ஆவுடையப்பன் அவளைத் தாங்கிக் கூட்டிவந்தான். அறை வாசலில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நான் அங்கே போட்டு வைத்திருந்த கட்டிலில் படுத்து, சுவரைப் பார்த்தாள்.

"அந்த ஆணியையும் பிடுங்கியிருக்கலாம்" என்றாள்.

ஆவுடையப்பன் என்னைப் பார்த்தான்.

"என்ன அத்தான், இந்த வெயில்ல கோட்டு?"

நான் காத்திருந்தேன். அவன் காலரைத் தொட்டுப் பார்த்தான்.

"நல்ல வேலையா இருக்கே. யாரு தைச்சா?"

"நான்தான். உன் கல்யாணத்துக்கு."

"எனக்கா? எனக்கு எங்க தைச்சீங்க? நான் மதுரையில எடுத்துல்லா போட்டேன்." கொஞ்சம் யோசித்தான். "இப்படித் தைப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா உங்ககிட்டயே குடுத்திருப்பேனே!"

என் தோளைத் தட்டிச் சிரித்தான். காபி குடித்தான். போய்விட்டான்.

உலகம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

என்னால் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. கோட்டோடு, கொளுத்துகிற வெயிலில், மடத்துக்கு நடந்தேன். தாயி படித்துறையில் சேலையை அலசிக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டான், தாயி. சுத்தமா மறந்துட்டான். நடிக்கலை. மறந்தவன் எப்படித் திருப்பித் தருவான்?"

"மைனி வந்துட்டாங்களா?"

"வந்துட்டா. அவன் என்ன சொன்னான் தெரியுமா, தாயி? என்கிட்டயே குடுத்திருப்பானாம். என்கிட்டயே!"

"அவங்க பக்கத்துல யாரு இருக்கா?"

"யாருமில்லை. நான் கேக்கது என்னன்னா..."

தாயி சேலையைப் பிழிந்தார். உதறினார்.

"தண்ணி குடுத்தீங்களா?"

நான் நின்றேன். கோட்டுக்குள் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. பிறகு திரும்பி, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தேன். பாலத்தில் கோட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

தண்ணீர் கொடுத்தேன். சொம்பு முழுதும் குடித்தாள்.

ஆவுடையப்பன் அந்த ஒரு வார்த்தையை இன்னும் சொல்லவில்லை.